ஒரு கைக்குப் பழகிய கம்ப்யூட்டர்

என் வலது கையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் தெரியவரும்போது நீங்களும் உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். குழந்தையாக இருந்தபோது இளம்பிள்ளை வாதம் வந்தது. முழங்கை வரைக்கும் கை என் பேச்சைக் கேட்கும். அதற்குக் கீழே கேட்காது. விரல்கள் இருக்கின்றன. வளையல் போடலாம், மருதாணி வைக்கலாம், வேலை வாங்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

எண்பதுகளின் கடைசியில், காரிமங்கலத்திலிருந்து தருமபுரிக்குப் பஸ் போகிற ரோட்டின் மேலேயே ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரி இருந்தது. அதன் ஆபீஸில் எனக்கு வேலை. சீசனில் கேட்டுக்கு வெளியே மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கூழ் டிரம்களில் அடைபட்டு மெட்ராஸ் துறைமுகம் வழியாக அரபு நாடுகளுக்குப் போகும். நான் தபால் மேசையில் உட்கார்ந்து கவரில் முகவரி எழுதி ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருந்தேன். பி.காம். படித்தவளுக்கு அதுதான் கொடுத்தார்கள். அதையும் ஏதோ தர்மம் பண்ணுவதுபோலக் கொடுத்தார்கள். டைப்பிங் கற்றுக்கொள்ளலாம் என்று தருமபுரியில் ஒரு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனபோது, "இதென்னம்மா ஆர்மோனியமா, ஒரு கையால வாசிக்கறதுக்கு?" என்று கேட்டு, அங்கிருந்தவர்களைச் சிரிக்க வைத்து, என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று கண்ணாடித் தடுப்பு வைத்து ஒரு சின்ன அறை, அதில் ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்ற ஒரு கோணிச் சாக்கு. எல்லாரும் வெளியே நின்று பார்த்தார்கள், தொட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. ஒரு பட்டனை மாற்றி அழுத்தினால் உள்ளே எரிந்துவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். பின்னால் நான் நிற்பது தெரியாமல் மேனேஜர் முதலாளியிடம் சொன்னார்: "அந்தத் தபால் பொண்ணைப் பழகச் சொல்லலாங்க. அது இல்லைன்னாலும் ஸ்டாம்பு ஒட்டறதுக்கு வேற ஆளு கெடைக்கும்."

அப்படித்தான் அந்த நாற்காலி எனக்கு வந்தது. யாருக்கும் வேண்டாத பயத்தை என் தலையில் கட்டினார்கள். நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்துக் கீபோர்டில் F என்று ஆரம்பிக்கும் விசைகள் மேலே இருக்காது. இடது ஓரத்தில் இரண்டு வரிசையாக, மேலிருந்து கீழாக இருக்கும். அதைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது, இது என் பக்கம் இருக்கிறது என்று. மெஷினோடு வந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். ஒரு விசைக்கு ஒரு முழு வரியையே கொடுத்துவைக்கலாம். நான் ஒன்றில் துறைமுகத்தின் பெயரை வைத்தேன், ஒன்றில் சரக்கின் பெயரை, ஒன்றில் ஜித்தாவில் எங்கள் கூழை வாங்குகிறவரின் மூன்று வரி முகவரியை. ஷிஃப்டையும் இன்னொரு விசையையும் சேர்த்து அழுத்த வேண்டிய இடங்களை எல்லாம் ஒரே விசைக்குள் கொண்டுவந்தேன். மெஷினைப் போட்டதும் நீலத்தில் மஞ்சள் எழுத்தாக ஒரு பட்டியல் வரும். ஒன்று அழுத்தினால் இன்வாய்ஸ், இரண்டு அழுத்தினால் ஸ்டாக், மூன்று அழுத்தினால் கடிதம். மேலே ஆங்கில எழுத்தில் வணக்கம் என்று போட்டிருந்தேன். அதற்கு ஒரு உபயோகமும் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது, போட்டேன்.

ஒரு வருஷத்தில் மெட்ராஸ் ஏஜென்ட் போனில் கேட்டார், "உங்க ஆபீஸ்ல எத்தனை டைப்பிஸ்ட்டுங்க?" என்று. அந்தப் போனை எடுத்தது நான்தான். "ஒண்ணுதாங்க" என்றேன்.

எது பயமாக இருந்ததோ அது பெருமையாக மாறினதும்தான் எனக்குச் சனி பிடித்தது. பார்க்க வருகிறவர்களை எல்லாம் மேனேஜர் கண்ணாடி அறைக்குக் கூட்டிவருவார். வருகிறவர்கள் கம்ப்யூட்டரைப் பார்ப்பார்கள், அப்புறம் என் கையைப் பார்ப்பார்கள், அப்புறம் மேனேஜரைப் பார்ப்பார்கள். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய அக்கா மகன் ஒருவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தான். அவனைப் பற்றிய பேச்சு டீ வேளைகளில் அடிக்கடி வர ஆரம்பித்தது. நான் சின்னக் குழந்தை இல்லை, எதற்காக வருகிறது என்று புரிந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் கம்ப்யூட்டரை ஓட்டுகிற புரோகிராமுக்குப் புது வெர்ஷன் போடுவது என்று மேனேஜர் முடிவு செய்தார். புது லாரி, புது பாய்லர் எதுவானாலும் பூஜைக்கு முன்னால் வந்து சேர்ந்து, பூஜையில் சந்தனம் வாங்கிக்கொண்டு, விஜயதசமி அன்று ஓட ஆரம்பிக்க வேண்டும் என்பது அந்த ஆபீஸின் பழக்கம். முதலாளி தருமபுரி முஸ்லிம் வியாபாரி. பூஜையை அவர் ஒரு வருஷமும் நிறுத்தினதில்லை. பொரியும் கடலையும் அவர் வீட்டிலிருந்துதான் மூட்டையாக வரும். அவர் வாசலோரம் நின்று பார்த்துவிட்டு, எல்லாருக்கும் தன் கையால் கொடுத்துவிட்டுப் போவார்.

பூஜைக்கு முந்தின நாள் பெங்களூரிலிருந்து எஞ்சினியர் வந்தார். டை கட்டியிருந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, என் செட்டிங் எல்லாம் எந்தெந்த ஃபைலில் இருக்கிறது, எதை எல்லாம் காப்பி எடுத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் மேனேஜரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"டிஸ்க்கை மொத்தமா அழிச்சிட்டுத்தாங்க சார் புதுசா போடணும். முன்னாடி ரெண்டா பிரிச்சு வெச்சிருந்தது இனி ஒண்ணா இருக்கும். உங்க டேட்டாவெல்லாம் பத்திரமா எடுத்து வெச்சிடறேன்."

"டேட்டா மட்டும் இல்லீங்க, அந்தச் சின்னச் சின்ன ஃபைலுங்க..." என்று நான் ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அவருக்குத் தெரியும்மா. நீ போயி அங்க தோரணம் கட்டறதைப் பாரு" என்றார் மேனேஜர்.

தோரணம் கட்ட இரண்டு கை வேண்டும். எனக்கு அங்கே என்ன வேலை என்று அவர் யோசிக்கவே இல்லை. நான் மாவிலைக் கொத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் திரும்பிப் போய்ப் பார்த்தால் திரை கறுப்பாக இருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு எழுத்தும் ஒரு அம்புக்குறியும் மினுக்கிக்கொண்டிருந்தன. நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. F விசை ஒன்றை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக அழுத்தினேன். எஞ்சினியர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மேடம், மெஷின் ஹேங் ஆனா இந்த மூணையும் ஒண்ணா அமுக்குங்க" என்று இடது ஓரத்தில் இரண்டு விசையையும் வலது ஓரத்தில் ஒரு விசையையும் காட்டினார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் காட்டினார். கண் இருக்கிறதா இல்லையா என்று கேட்கலாமா என்று இருந்தது. வாயில் இன்னும் மாவிலைக் கசப்பு.

ஆனால் நான் ஏமாளி இல்லை. இந்த மாதிரி நாள் ஒன்று வரும் என்று தெரிந்து எல்லாவற்றையும் ஒரு பிளாப்பியில் ஏற்கெனவே காப்பி எடுத்து வைத்திருந்தேன். மேசை டிராயரை இழுத்தேன். காலியாக இருந்தது. பிளாப்பிகளை எல்லாம் பூஜைக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

ஹாலில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் தராசு, கால்குலேட்டர், ஸ்பேனர் செட், புது வெர்ஷனோடு வந்த இரண்டு தடிப் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் முன்னால் டிராயரில் இருந்த பிளாப்பிகள், அவற்றில் என்னுடையதும். உறையிலிருந்து எடுத்து விசிறிபோலப் பரப்பி வைத்திருந்தார்கள். கறுப்புச் சதுரம், நடுவே ஒரு வட்ட ஓட்டை, அதன் கீழே ஒரு நீளமான திறப்பு. அந்தத் திறப்பில் உள்ளே இருக்கும் தகடு பழுப்பாகத் தெரியும். அங்கே விரல் பட்டாலே போச்சு. நான் கையை நீட்டினேன்.

"பூஜையில வெச்சதைத் தொடக் கூடாது. தெரியாதா?" என்றார் மேனேஜர்.

"உறையிலயாவது போட்டு வெக்கிறேங்க சார்."

"உறையோட வெச்சா அது என்ன பூஜை? விஜயதசமி அன்னிக்கி எடுத்துக்கலாம். ஒரு நாள்ல உன் உசுரு போயிடாது."

மறுநாள் பூஜைக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். கோபத்தில் உடம்பு கொதித்துக்கொண்டுதான் இருந்தது, அதனால் முழுப் பொய்யும் இல்லை. அம்மா எங்கள் வீட்டு அரிவாளுக்கும் களைக்கொத்துக்கும் பொட்டு வைத்தாள்.

விஜயதசமி அன்று காலையில் முதலாளி, மேனேஜர், அக்கவுண்டன்ட் எல்லாரும் கண்ணாடி அறைக்கு வெளியே நின்றார்கள். மேனேஜரின் அக்கா மகனும் நின்றான், சும்மா பார்க்க வந்ததாக. பூஜை முடிந்து வந்த என் பிளாப்பியைக் கையில் எடுத்தேன். சரியாக அந்தத் திறப்பின் மேல், பழுப்புத் தகட்டின் நடுவில், கெட்டியாகச் சந்தனம். அதன்மேல் குங்குமம். காய்ந்து வெடித்திருந்தது. மற்ற பிளாப்பிகளைப் பார்த்தேன். அவற்றில் ஓரமாக, அட்டையில், பட்டும் படாமல் ஒரு புள்ளி. என்னுடையதில் மட்டும் நெற்றி நிறைய.

துடைத்துப் பார்த்தேன். போட்டுப் பார்த்தேன். மெஷின் கரகரவென்று அரைத்துவிட்டுப் படிக்க முடியவில்லை என்று எழுதிக் காட்டியது. மறுபடி போட்டேன், மறுபடி எழுதியது.

"யாரு இதுக்குப் பொட்டு வெச்சது?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். முதலாளி இருப்பதைப் பார்த்தேன், குறைக்கவில்லை.

அக்கவுண்டன்ட் முன்னால் வந்தார். நான் அண்ணன் என்று கூப்பிடுகிற மனுஷன், ஒருவரையும் கடிந்து பேசாதவர். "நான்தாம்மா வெச்சேன். எல்லாத்துக்கும் சின்னதா வெச்சேன். உன்னுது மேல உன் பேரு எழுதியிருந்துச்சா, அதுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமா வெச்சேன். உன் கை நல்லாவணும்னு வேண்டிக்கிட்டு வெச்சேன். தப்பா?"

நான் என்ன செய்ய? திட்டுவதற்கு ஒரு அயோக்கியன் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் நல்லதுக்கு வேண்டிக்கொண்டு என் கையை முறித்துப் போட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது? ஆனாலும் போட்டேன். "உங்களை யாருண்ணா வேண்டச் சொன்னது? என் கை நல்லாத்தான் இருந்துச்சு. இதுல இருந்துச்சு" என்று பிளாப்பியை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு அதற்காக இன்றுவரை வருத்தம் இல்லை. கலங்கட்டும் என்றுதான் இருந்தது.

அதற்குள் கேட்டில் லாரி வந்து நின்றுவிட்டது. டிரம் ஏற்றியாகிவிட்டது, இன்வாய்ஸ் கையில் வந்தால் டிரைவர் கிளம்ப வேண்டியதுதான். கறுப்புத் திரையில் நான் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். வலது ஓரத்து எழுத்துக்குப் பெரிய எழுத்து வேண்டும் என்றால் வலது முழங்கையை ஷிஃப்டில் வைத்து உடம்பையே திருப்ப வேண்டும். முழங்கை பக்கத்து விசையையும் சேர்த்து அமுக்கும். அழித்துவிட்டு மறுபடி. கண்ணாடிக்கு வெளியே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மதியம் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். முதலாளியும் கிளம்பிப் போனார்.

அவர் போனதும் மேனேஜர் அறைக்குள் வந்தார். குரலை மிருதுவாக வைத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாரும்மா, உன்மேல தப்பு இல்ல. புது மெஷினுக்கு ரெண்டு கை வேணும், அவ்வளவுதான். அடுத்த லோடு வியாழக்கிழமை. அதுக்கும் இப்படி ஆச்சுன்னா தம்பி உக்காரட்டும். நீ பழையபடி தபாலைப் பாத்துக்க. சம்பளத்துல கை வெக்க மாட்டேன்."

மெஷின் புதிது இல்லை. மெஷின் அதே மெஷின். என்னிடமிருந்து பிடுங்கினதைத்தான் அவர் புதிது என்கிறார். அதை அவருக்கு எந்த மொழியில் சொல்வது என்று தெரியவில்லை. அதனால் வேறு கேட்டேன்.

"அந்தப் புத்தகம் ரெண்டையும் குடுங்க சார்."

பூஜையில் வைத்திருந்த அந்தப் புத்தகங்களை அவர் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் தன் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். வருகிறவர்கள் பார்ப்பதற்காக.

"அது காஸ்ட்லி புக்கும்மா. அழுக்காயிடும்."

"படிக்கறதுக்குத்தானே சார் குடுத்தாங்க? இல்ல, அதுக்கும் சூடம் காட்டறதுக்குக் குடுத்தாங்களா?"

ஹாலில் ரப்பர் ஸ்டாம்பு குத்துகிற சத்தம் நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லார் முன்னாலும் ஒரு பெண் இப்படிக் கேட்டது அவருக்குப் புதிது. முகம் சிவந்து, சாவியை என் மேசைமேல் வீசிவிட்டுப் போனார்.

மதியச் சாப்பாட்டு நேரம் எல்லாம் புத்தகத்தோடு போயிற்று. பிளாஸ்டிக்கைப் பல்லால் கிழித்தேன். பழைய வெர்ஷனில் நான் எழுதி வைத்திருந்த வரிகள் மனதில் பாதி இருந்தன, பாதி இல்லை. எந்த விசைக்கு என்ன வைத்தேன் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஜித்தாவுக்கு ஒரு இன்வாய்ஸ் அடிப்பதாக நினைத்துக்கொண்டால் இடது கை தானாகப் போய் நின்றது. அது நின்ற இடத்தில் அதை எழுதினேன். ஒரு இடத்தில் ஒரு குறி தவறிப் போய், எந்த விசையை அழுத்தினாலும் துறைமுகத்தின் பெயரே வந்தது. திரை முழுக்க மெட்ராஸ் மெட்ராஸ் மெட்ராஸ். மெஷினை அணைத்துப் போட்டேன். என்னை நானே வைதுகொண்டேன், எஞ்சினியரை வைதேன், சரஸ்வதியையும் ஒரு பிடி பிடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். அக்கவுண்டன்ட் அண்ணன் டீ டம்ளரைக் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டுப் போனார். நான் குடிக்கவில்லை.

புதன்கிழமை கடைசி பஸ்ஸுக்கு முன்னால் நீலம் வந்தது. பிறகு மஞ்சள் வந்தது. வணக்கத்தை நான் திரும்பப் போடவில்லை. யாருக்கு வணக்கம் சொல்வது?

வியாழக்கிழமை லாரியில் டிரம் ஏற்றி முடிப்பதற்குள் இன்வாய்ஸ் டிரைவர் கையில் இருந்தது. மேனேஜர் அதை வாங்கிப் பார்த்தார். தப்பு தேடினார், கிடைக்கவில்லை. "ம்" என்றார். அந்த "ம்" மட்டும்தான் அவர் எனக்குக் கொடுத்த சர்டிபிகேட்.

ஆனாலும் அக்கா மகனை வேலைக்கு வைத்துக்கொண்டார். எனக்கு உதவியாக என்று பெயர். அவன் கெட்ட பையன் இல்லை. பெங்களூரில் படித்தபடி முழுசாக அடித்துப் பார்த்தான். பக்கத்தில் நான் ஒரு விசையில் முடிப்பதைப் பார்த்தான். ஒரு வாரத்தில் அவனும் இடது கையை F விசைகள் மேல் வைத்துக்கொண்டு, வலது கையால் பொரிகடலை தின்ன ஆரம்பித்துவிட்டான். அவனைப் பார்த்து அக்கவுண்டன்ட் அண்ணன் ஸ்டாக் போடக் கற்றுக்கொண்டார். மேனேஜரேகூட ஆள் இல்லாத நேரத்தில் வந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று அழுத்திப் பார்த்துவிட்டுப் போவார். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிணற்றில் தண்ணீர் இருப்பதுபோல அது இருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

மறு வருஷம் வேறொரு எஞ்சினியர் வந்தார், இன்னொரு வெர்ஷனைத் தூக்கிக்கொண்டு. நான் நாற்காலியில் இருந்தேன். மேனேஜர் அவரைக் கண்ணாடிக் கதவிலேயே நிறுத்தினார்.

"இந்த செட்டிங்ல மட்டும் நீங்க கை வெக்கக் கூடாதுங்க. எங்க எல்லாருக்கும் இதான் பழக்கம். இது இல்லைன்னா ஆபீஸே நின்னு போயிடும்."

எஞ்சினியர் குனிந்து திரையைப் பார்த்தார். ஒன்றிரண்டு விசைகளைத் தட்டினார். "நல்லாருக்குதே சார். யாரு பண்ணிக் குடுத்தது?"

"நாங்களே பண்ணினதுதான்" என்றார் மேனேஜர். "ஆபீஸ் செட்டிங்." பிறகு என்னைப் பார்த்து, "எழுந்திரும்மா, சார் உக்காரட்டும்" என்றார்.

அவர் பொய் சொன்னதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் அதை மனதார நம்பினார். அதுதான் தாங்க முடியவில்லை. எனக்காக இருந்தவரைக்கும் அது வேண்டாத குப்பை. அவர்களுக்கு வசதி ஆனதும் அது ஆபீஸ். நான் இடது கையால் என் வலது கையைத் தூக்கி, அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி, கீபோர்டுக்கு முன்னால் மேசைமேல் வைத்தேன்.

"இந்தக் கைக்குப் பதிலா நான் பண்ணிக்கிட்டதுங்க சார் அது. ஆபீஸுக்குப் பண்ணினது இல்லீங்க" என்றேன். "இவருக்கு என்ன அடிக்கணுமோ அவர் சொல்லட்டும். நான் அடிக்கிறேன்."

 எஞ்சினியர் மேனேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார வேறு இடம் இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் ஒரு நாற்காலிதான். அவர் என் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் உட்கார்ந்தபடியே அடித்தேன்.